பனிக்கு முன்னே ஓடும் நாய்கள்

புவியியல் வகுப்பில் குளிர்நாடுகளைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. சறுக்குவண்டி ஒன்றைப் பத்துப் பன்னிரண்டு நாய்கள் பனிமீது இழுத்துச் செல்லும் படத்தை சிஸ்டர் எங்களுக்குக் காட்டினார்கள். அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "சிஸ்டர், பனி இல்லாத நாட்களில் இந்த நாய்கள் என்ன செய்யும்?" என்று கேட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. விடையை நீங்களே தேடிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள்.

தேடினோம். தேடத் தேட, சிரித்தவர்களாகிய எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. படத்தில் நாம் காணும் ஓட்டம் மாரிக்காலத்தில் நடப்பது. ஆனால் அந்த ஓட்டத்திற்கு வேண்டிய உழைப்பில் பெரும்பகுதி, பனி விழுவதற்கு முன்பே, ஒருவரும் படம் பிடிக்காத இலையுதிர் காலத்தில், வீட்டு முற்றத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதைத்தான் இக்கட்டுரையில் சொல்லப் போகிறோம். வாருங்கள் தோழியரே, அலாஸ்காவுக்குப் போய் வருவோம்.

பொன்னிறக் காடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கு மூலையில் உள்ளது அலாஸ்கா மாநிலம். அதன் நடுப்பகுதியில் ஃபேர்பேங்க்ஸ் என்னும் நகரமும், யூக்கான், தனனா என்னும் ஆறுகளும் உள்ளன. ஃபேர்பேங்க்ஸ் ஏறத்தாழ 65 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஆர்க்டிக் வட்டம் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

நம் ஊர் வேப்பமரம் பழைய இலையை உதிர்ப்பதும் புதிய தளிர் விடுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடந்துவிடும். அங்கு அப்படியில்லை. ஆகஸ்டு மாதக் கடைசியிலேயே பிர்ச், ஆஸ்பென் மரங்களின் இலைகள் மஞ்சளாகத் தொடங்குகின்றன. செப்டம்பரில் காடு முழுவதும் பொன் பூசியதுபோல் மின்னும். சில நாட்களில் ஒரு பெருங்காற்று வந்து எல்லா இலைகளையும் உதிர்த்துவிடும். அக்டோபரில் தரை வெளுக்கத் தொடங்கும். அவர்களுடைய இலையுதிர் காலம் நம் காலாண்டுத் தேர்வையும் விடுமுறையையும் போல வேகமாகப் பறந்துவிடுகிறது.

பகற்பொழுதும் அப்படியே. செப்டம்பர் மாதத்தில் அங்கு ஒவ்வொரு நாளும் பகல் ஆறு, ஏழு நிமிடங்கள் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு வாரம் கழிந்தால் நம் பள்ளிப் பாடவேளை ஒன்று காணாமற் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 21-ஆம் நாள் சூரியன் நான்கு மணி நேரத்திற்கும் குறைவாகவே தலைகாட்டும். குளிர் பூச்சியத்திற்குக் கீழே 40 டிகிரி வரையிலும் இறங்கும் நாட்கள் உண்டு. இந்த 40-இல் ஒரு விந்தை இருக்கிறது. செல்சியஸ், ஃபாரன்ஹீட் ஆகிய இரண்டு அளவுகளிலும் ஒரே எண்ணாக வருவது இந்த ஓர் இடத்தில் மட்டுமே.

இப்படிப்பட்ட குளிர் வரப்போகிறது என்று தெரிந்த வீட்டில் யாரும் சும்மா இருக்க முடியாது. ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பது நம் பெரியோர் வாக்கு. அலாஸ்காவின் நாய்வண்டிக் குடும்பங்களுக்கு ஆகஸ்டும் செப்டம்பரும்தான் அந்தப் பட்டம்.

குளிர் அல்ல, வெப்பமே எதிரி

அங்கு வண்டி இழுப்பவை பெரும்பாலும் அலாஸ்கா ஹஸ்கி என்று அழைக்கப்படும் நாய்கள். இது தூய இனம் அன்று. அழகுக்காக அல்லாமல், ஓடும் திறமைக்காகவும் உழைப்பில் உள்ள ஆசைக்காகவும் பல வகைகளைக் கலந்து தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கலப்பினம். படத்தில் பெரிதாகத் தெரிந்தாலும் எடை சுமார் 20 முதல் 25 கிலோதான் இருக்கும்.

அவற்றின் உடலில் இரண்டு அடுக்கு ரோமம் உண்டு. மேலே நீண்ட முரட்டு ரோமம். அடியில் பஞ்சு போன்ற மென்மயிர். கோடையில் அடி மயிரை உதிர்த்துவிட்டு இலையுதிர் காலத்தில் அதைத் திரும்ப வளர்த்துக்கொள்கின்றன. மரங்கள் ஆடையைக் களையும் நேரத்தில் நாய்கள் ஆடை உடுத்துகின்றன!

நாங்கள் நினைத்ததற்கு நேர்மாறான செய்தி ஒன்று இங்கே கிடைத்தது. இந்த நாய்களுக்குக் குளிரைக் காட்டிலும் வெப்பமே பெரிய ஆபத்து. ஓடும்போது தசைகளில் சூடு உண்டாகிறது. நமக்கு உடல் முழுவதும் வியர்த்து அச்சூடு தணிகிறது. நாய்க்கு அந்த வசதி இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். ஆகவே கோடையில் கடுமையாக ஓட விட்டால் உயிருக்கே மோசம் வந்துவிடும். அதனால் கோடை முழுவதும் அவற்றிற்குப் பெரும்பாலும் ஓய்வுதான். காலைக் காற்று சில்லென்று வீசத் தொடங்கிய பிறகே பயிற்சி ஆரம்பமாகிறது. அப்போதும் விடியற்காலையிலோ, இருட்டிய பின் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டோதான் ஓட்டுவார்கள்.

சக்கரம் கட்டிய சறுக்குவண்டி

பனியே இல்லாதபோது எதை இழுப்பது? இதுவே எங்கள் தோழியின் கேள்விக்கு நேரான விடை. நான்கு சக்கர மோட்டார் வண்டி ஒன்றை நாய்களுக்குப் பின்னால் கட்டிவிடுகிறார்கள். பாரமான அந்த வண்டியைத் தாழ்ந்த கியரில் வைத்துப் பிடித்துக்கொள்வதால் நாய்களால் தலைதெறிக்க ஓட முடிவதில்லை. மெதுவாகவும் அழுத்தமாகவும் இழுக்கின்றன. தோளும் தொடையும் வலுப்பெறுகின்றன.

பயிற்சி நாளன்று முற்றத்தில் எழும் ஆரவாரம் பெரிது. உரிமையாளர் சேணத்தைக் கையில் எடுத்ததுமே நாற்பது நாய்களும் ஒரே குரலில் குரைக்கும், ஊளையிடும், தம் கூண்டின்மேல் ஏறிக் குதிக்கும். 'என்னைக் கூட்டிப் போ, என்னைக் கூட்டிப் போ' என்பதுதான் அதன் பொருள். வண்டியை ஒரு மரத்தோடு கட்டி வைக்காவிட்டால் ஆள் ஏறுவதற்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் கட்டவிழ்த்து ஓட்டம் தொடங்கிய கணமே சத்தம் முழுவதும் அடங்கிவிடும். காலடி ஓசையும் மூச்சும் மட்டுமே கேட்கும்.

வரிசையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. நடுவே நீண்ட கயிறு. அதன் இருபுறமும் இரண்டிரண்டாக நாய்கள். முன்னால் நிற்பவை தலைமை நாய்கள். வண்டிக்காரரின் சொல்லைக் கேட்டு வழி நடத்துபவை இவையே. அவற்றின் பின்னே நிற்பவை வளைவுகளில் கூட்டத்தைத் திருப்பிவிடும். கடைசியில், வண்டியை ஒட்டி நிற்பவை பலசாலிகள். பாரத்தின் முதல் இழுப்பு அவற்றின் தோளில்தான் விழுகிறது. 'ஜீ' என்றால் வலப்புறம், 'ஹா' என்றால் இடப்புறம், 'வோ' என்றால் நில். கடிவாளம் கிடையாது. வாய்ச்சொல் ஒன்றே வழி. ஆகவே நாய்க்கும் மனிதருக்கும் இடையே நம்பிக்கை இல்லையென்றால் வண்டி ஓரடியும் நகராது.

முதல் நாள் மூன்று, நான்கு கிலோமீட்டர் தூரமே ஓட்டுவார்கள். நாய்கள் இன்னும் ஓட வேண்டும் என்று துடிக்கும்போதே நிறுத்திவிடுவது அவர்கள் வழக்கம். ஆசை தீரும் முன்பு நிறுத்தினால்தான் மறுநாள் ஆசையோடு வரும் என்பது அவர்கள் அனுபவம். பிறகு வாரந்தோறும் சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டுகிறார்கள். அவசரப்பட்டுக் கூட்டினால் தசைநாரில் காயம் உண்டாகும். அந்த நாய்க்கு மாரிக்காலமே வீணாகிவிடும். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பிறகும் எத்தனை தூரம், எந்த நாய் எந்த இடத்தில் நின்றது, எது தளர்ந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பவர்களும் உண்டு. நமக்கு முன்னேற்ற அறிக்கை இருப்பதுபோல அவற்றிற்கும் உண்டு போலும்!

குட்டிகளும் கிழவர்களும்

சென்ற ஆண்டு பிறந்த குட்டிகளும், வசந்தத்தில் பிறந்து ஆறேழு மாதம் ஆனவையும் முதன்முதலாகச் சேணம் அணிவது இந்தப் பருவத்தில்தான். குட்டிக்குப் பாடம் சொல்லித் தருவது மனிதர் மட்டும் அல்லர். பொறுமையுள்ள முதிய நாய் ஒன்றின் பக்கத்தில் அதைக் கட்டிவிடுகிறார்கள். குட்டி கயிற்றில் சிக்கிக்கொள்ளும், எதிர்ப்புறம் திரும்பும், பறவையைத் துரத்தப் பார்க்கும். முதிய நாயோ நேராகப் பார்த்து ஓடிக்கொண்டே இருக்கும். சில நாட்களில் குட்டியும் நேராக ஓடக் கற்றுக்கொள்கிறது.

ஆனால் இலையுதிர் காலத்தில் ஒரு துயரமும் இருக்கிறது. ஏதாவதோர் ஆண்டில் அந்த முதிய நாய்க்குச் சேணம் எடுக்கப்படுவதில்லை. மூட்டு தேய்ந்திருக்கும், அல்லது மூச்சு வாங்கும். அதைக் கண்டுகொள்வது வண்டிக்காரரின் கடமை. மற்றவை புறப்பட்டுப் போகையில் அது முற்றத்தில் நின்று ஊளையிடுமாம். அதனால் சில குடும்பங்களில் கிழ நாய்களை வீட்டிற்குள் அடுப்பருகே படுக்க விடுகிறார்கள். குட்டிகளோடு சிறு தூரம் உலாவ அழைத்துச் செல்கிறார்கள். அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவில் 1920-களிலிருந்து காவலர்கள் மாரிக்காலத்தில் நாய்வண்டியில் சென்று காட்டைப் பார்வையிட்டு வருகின்றனர். அங்கு சுமார் ஒன்பது வயதில் நாய்களுக்கு ஓய்வளித்து, அன்போடு வளர்க்கும் குடும்பங்களிடம் ஒப்படைக்கிறார்கள்.

அண்டாவும் அடுப்பும்

வீட்டிலுள்ளோர் வேலைகளைப் பார்ப்போமா? நெடுந்தூரப் பந்தயத்தில் ஓடும் நாய் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கலோரி உணவு தேவைப்படுகிறது. 20 கிலோ எடையுள்ள நாய், நான்கு மனிதர்களுக்கு வேண்டியதை உண்கிறது! இத்தனை உணவுக்கு ஆதாரமாக நெடுங்காலம் இருந்தது ஆற்றில் ஏறி வரும் சால்மன் மீன். அவற்றுள் ஒரு வகைக்கு 'நாய்ச் சால்மன்' என்றே பெயர். நாய்களுக்குத் தீனியாகப் போட்டதால் வந்த பெயர் என்பர்.

யூக்கான் ஆற்றில் இம்மீனைப் பிடிக்க மீன்சக்கரம் என்ற ஒரு கருவி உண்டு. ஆற்றின் ஓட்டமே அதைச் சுழற்றும். சுழலும்போது அதன் கூடைகள் மீன்களை அள்ளிப் பெட்டியில் கொட்டும். பிடித்த மீனைப் பிளந்து பரண்களில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். நம் கடற்கரை ஊர்களில் கருவாடு காய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர் நன்றாக இறங்கியபின் பிடித்தவற்றை உலர்த்தவும் வேண்டாம். வெளியே அடுக்கி வைத்தால் அவை தாமாகவே உறைந்துவிடும். ஊரே குளிர்சாதனப் பெட்டி அன்றோ!

இரும்புப் பீப்பாயை அறுத்துச் செய்த அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றி, மீனையும் அரிசியையும் ஒன்றாகக் கொதிக்க வைத்து நாய்களுக்குக் கஞ்சி காய்ச்சும் வழக்கமும் உண்டு. வெறும் தண்ணீரை நாய்கள் குளிரில் விரும்பிக் குடிப்பதில்லை. ஆகவே தண்ணீரில் சிறிது மீனோ இறைச்சியோ கலந்து, மணம் காட்டிக் குடிக்க வைக்கிறார்கள். கஷாயத்தில் வெல்லம் சேர்த்து நம்மைக் குடிக்க வைக்கும் பாட்டியின் உபாயம் உலகம் முழுவதற்கும் பொது போலும்.

இவை மட்டுமா? மாரிக்காலத்திற்கு வேண்டிய விறகைப் பிளந்து அடுக்க வேண்டும். காட்டில் அவுரிநெல்லிப் பழங்களைப் பறித்துச் சேமிக்க வேண்டும். செப்டம்பரில் மூஸ் என்னும் பெரிய மான் வேட்டை. அதன் இறைச்சி ஆண்டு முழுவதும் உணவு. நாய்க் கூண்டுகளின் ஓட்டையை அடைத்து உலர்ந்த வைக்கோல் பரப்ப வேண்டும். புது வைக்கோலைக் கண்டதும் நாய்கள் அதில் புரண்டு, சுற்றிச் சுற்றி வந்து குழி பறித்துப் படுக்கை செய்துகொள்ளும் காட்சியே தனி.

மாலையில் விளக்கடியில் தையல் வேலை. நாய்களின் பாதம் பனிக்கட்டியில் கிழியாதிருக்கத் துணியால் சிறு காலுறைகள் தைக்க வேண்டும். ஒரு நாய்க்கு நான்கு பாதம். பதினாறு நாய்க்கு அறுபத்து நான்கு. ஓடுகையில் அவை தேய்ந்து போவதால் நெடுந்தூரப் பந்தயம் ஒன்றுக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்டவை தேவை. இப்போது கடையில் விற்கின்றன. எனினும் வீட்டில் தைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிறுவர் சிறுமியரும் கூண்டு சுத்தம் செய்தல், தண்ணீர் ஊற்றுதல், குட்டிகளைக் கையில் எடுத்துப் பழக்குதல் ஆகிய பணிகளைச் செய்துவிட்டுத்தான் பாடம் படிக்கிறார்கள். குட்டியிலேயே மனிதக் கைக்குப் பழகாத நாய் பிறகு ஒருபோதும் பழகாது என்பது அங்குள்ளோர் துணிபு.

கடைசிக் கப்பலில் வராத மருந்து

இத்தனை ஆயத்தம் எதற்கு? வெறும் பந்தயத்திற்குத்தானா? இதற்கு 1925-ஆம் ஆண்டின் வரலாறு விடை சொல்கிறது.

அலாஸ்காவின் மேற்குக் கடற்கரையில் நோம் என்ற சிறு நகரம் உள்ளது. இலையுதிர் காலம் முடிந்ததும் அங்குள்ள கடல் உறைந்துவிடும்; கப்பல் வராது. அந்நகரின் மருத்துவர் கர்ட்டிஸ் வெல்ச், டிப்தீரியா எனப்படும் தொண்டை அடைப்பான் நோய்க்குரிய மருந்தை 1924-இல் கேட்டு எழுதியிருந்தார். ஆனால் கடல் உறையுமுன் வந்த கப்பல்களில் அம்மருந்து வந்து சேரவில்லை. 1925 ஜனவரியில் அந்த நோயே வந்துவிட்டது. குழந்தைகள் இறக்கத் தொடங்கினர்.

மருந்து நெனானா என்ற ஊர் வரை இரயிலில் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து நோம் 674 மைல், அதாவது சுமார் 1,085 கிலோமீட்டர். சுமார் 20 வண்டிக்காரர்களும் 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி, ஐந்தரை நாட்களில், பிப்ரவரி 2-ஆம் நாள் மருந்தைச் சேர்த்தனர். கடைசிக் கட்டத்தில் ஓடிய பால்ட்டோ என்ற நாய்க்கு நியூயார்க் நகரில் சிலையே வைத்தார்கள். ஆனால் மிக நீண்டதும் ஆபத்தானதுமான பகுதியை ஓட்டியவர் லியோன்ஹார்ட் செப்பாலா; அவருடைய தலைமை நாய் டோகோ. குட்டியாயிருந்தபோது நோயாளியாகவும் பொல்லாத குறும்பனாகவும் இருந்ததால் அது வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. அதுவோ சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு தன் எசமானரிடமே ஓடி வந்துவிட்டது! மருந்து ஓட்டத்தின்போது அதற்கு வயது 12.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இலையுதிர் காலத்தில் தவறிப்போன ஒரு சிறு பெட்டி, ஜனவரியில் உயிர்களைப் பறித்தது. ஜனவரியில் கூப்பிட்டவுடன் அந்த நாய்களால் ஓட முடிந்ததோ, அவற்றின் உடல் அதற்கு முன்பே பக்குவப்பட்டிருந்ததால்தான். நோய் வந்தபின் பயிற்சியைத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பெண்மணிகள் இருவர்

1960-களில் மோட்டார் பனிவண்டி வந்ததும் கிராமங்களில் நாய்வண்டிகள் குறைந்து போயின. அப்பழக்கம் அழியாதிருக்க ஜோ ரெடிங்டன் என்பவரும் அவர் தோழர்களும் முயன்று, 1973-இல் ஆங்கரேஜ் நகரிலிருந்து நோம் வரை ஏறத்தாழ 1,000 மைல் பந்தயத்தை நடத்தினர். இடிடரோட் என்பது அதன் பெயர். ஆணும் பெண்ணும் ஒரே பந்தயத்தில், ஒரே விதிகளுக்கு உட்பட்டுப் போட்டியிடுகிறார்கள் என்பது நம் போன்றவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1985-இல் மற்றவர்கள் தயங்கி நின்ற பனிப்புயலில் துணிந்து சென்று வென்ற லிபி ரிடில்ஸ், இதில் முதலிடம் பெற்ற முதல் பெண்மணி. சூசன் புட்சர் 1986, 1987, 1988, 1990 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றார். பிறந்த நாளிலிருந்தே குட்டிகளைத் தம் கையால் வளர்த்தவர் அவர். அவரை வெற்றிக்கு இழுத்துச் சென்ற கிரானைட் என்ற தலைமை நாயும் குட்டியில் மெலிந்து, யாரும் பெரிதாக மதிக்காததாகவே இருந்ததாம். வகுப்பில் கடைசி மதிப்பெண் வாங்குவோர் கவனிக்க!

இந்தப் பந்தயத்தைக் குறை கூறுவோரும் உள்ளனர். பந்தயத்தில் நாய்கள் இறந்ததும் உண்டு. முற்றத்தில் சங்கிலியிட்டு வைப்பது சரியா என்று கேட்போரும் உண்டு. இவை நியாயமான கேள்விகளே. நிறுத்தங்களில் கால்நடை மருத்துவர்கள் நாய்களைச் சோதிக்கிறார்கள். தளர்ந்த நாயை வண்டிக்காரர் அங்கே விட்டுவிட்டுச் செல்லலாம். ஆனால் மருத்துவர் பார்க்குமுன் பார்த்திருக்க வேண்டியவர், இலையுதிர் காலம் முழுவதும் அதனோடு நடந்தவர் அல்லவா? நாயின் நடையில் ஏற்படும் சிறு மாறுதலையும் கண்டுகொள்ளும் கண்ணை அவர் பெறுவது அந்தப் பருவத்தில்தான். அந்தக் கண் இல்லாதவர் கையில் கயிறு இருக்கக் கூடாது என்பதே எங்கள் எண்ணம்.

இன்றைய கவலை

இப்போது அந்த முற்றங்களில் ஒரு கவலை குடியேறியிருக்கிறது. 2020-ஆம் ஆண்டு முதல் யூக்கான் ஆற்றில் ஏறி வரும் நாய்ச் சால்மன் மிகவும் குறைந்துவிட்டது. 2021-இல் வீட்டுத் தேவைக்குப் பிடிப்பதும் தடை செய்யப்பட்டது. அரச சால்மன் என்னும் மற்றொரு வகையை ஏழு ஆண்டுகளுக்குப் பிடிப்பதில்லை என 2024-இல் அலாஸ்காவும் கனடாவும் உடன்படிக்கை செய்துகொண்டன. கடல்நீர் சூடேறியது இக்குறைவுக்கு ஒரு காரணம் என்கிறார்கள் அறிஞர்கள். மீன் பரண்கள் காலியாகிவிட, மூட்டைத் தீனியை விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. இயலாதவர்கள் நாய்களைக் குறைத்துவிடுகின்றனர். போதிய பனி இல்லாததால் 2003, 2015, 2017, 2025 ஆகிய ஆண்டுகளில் இடிடரோட் பந்தயத்தின் தொடக்கத்தையே வடக்கே ஃபேர்பேங்க்சுக்கு மாற்ற நேர்ந்தது. நாய்கள் ஆயத்தமாக இருந்தும் பனி வரவில்லை என்றால் அவை என்ன செய்யும்? எங்கள் தோழி கேட்ட கேள்வி இப்போது வேறு பொருளில் எங்களையே திரும்பிப் பார்க்கிறது.

முடிவாக

நாங்கள் தேடிய விடையை சிஸ்டரிடம் சொன்னபோது அவர்கள் வேறொன்றும் கூறவில்லை. "மார்ச் மாதம் எப்போது வருகிறது?" என்று மட்டும் கேட்டார்கள். அரசுப் பொதுத்தேர்வு நடக்கும் மாதம் அது என்று எல்லாருக்கும் தெரியும். இம்முறையும் வகுப்பு சிரித்தது. ஆனால் சற்று மெதுவாக.

பனியில் ஓடும் நாய்களின் படம் இன்னும் எங்கள் வகுப்புச் சுவரில் இருக்கிறது. இப்போது அதைப் பார்க்கும்போது படத்தில் இல்லாதவையும் எங்களுக்குத் தெரிகின்றன. சேற்றுப் பாதையில் இழுத்த மோட்டார் வண்டி, விளக்கடியில் காலுறை தைத்த கைகள், அண்டாவில் கொதித்த மீன்கஞ்சி, குட்டிக்கு வழி காட்டிவிட்டு அடுப்பருகே படுத்துவிட்ட அந்தக் கிழ நாய். பனி விழும் நாளில் ஓடுபவை நாய்கள்தாம். ஆனால் அவற்றோடு அந்த வீடு முழுவதும் ஓடுகிறது.

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், வகுப்பு மாணவி ஒருத்தி